நூறடிக்குக் கீழே ஒரு குழல்

கோஹோஸ், நியூயார்க்
3 பிப்ரவரி 1991, ஞாயிறு

தம்பி நார்பர்ட்டுக்கு அக்கா க்ளாடெட்டின் அன்பு.

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே குப்பைக்கூடையைத் தேடியிருப்பாய். ஒரு பக்கம் மட்டும் படி, பிறகு உன் இஷ்டம். அம்மாவை அடக்கம் செய்து ஆறு வருடம் ஆகிறது. அன்று மாதா கோவில் சாப்பாட்டுக் கூடத்தில், அத்தனை பேர் முன்னால், "பீரங்கி வெடிமருந்துப் பைய எண்ணினதுல தப்பு பண்ணிட்டேன்னு ஒரு தடவ ஒத்துக்கிட்டாத்தான் என்னடா?" என்று கேட்டேன். கையிலிருந்த தட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனவன், இன்றுவரை ஒரு வரி எழுதவில்லை. நானும் வீம்பு பிடித்தவள்தான், இல்லையென்று சொல்லவில்லை.

இப்போது எழுதக் காரணம் 1147.

அதே எண்தான். ஜெர்மனிப் பயிற்சித் திடலில் உன் குழு சுட்ட எட்டங்குலப் பீரங்கியின் குழல். அதன் குண்டு தூரம் போதாமல் நம் ஆட்கள் பக்கமே விழுந்து லெப்டினன்ட் ப்ரூயிட் இறந்தான். குழல் தேய்ந்துபோனது, ராணுவம் மறைக்கிறது என்று செனட்டர்களுக்கும் பத்திரிகைகளுக்கும் நீ ஒன்பது வருடமாக மனு எழுதினாயே, ஒவ்வொன்றிலும் அந்த எண் இருக்கும். என் டெலிபோன் எண் மறந்தாலும் அது எனக்கு மறக்காது.

வெள்ளிக்கிழமை எங்கள் பீரங்கித் தொழிற்சாலைக்குக் கழித்துப்போட்ட பழைய குழல்கள் சில வந்து இறங்கின. மேலே பனி அப்பியிருந்தது. ஒன்றின் வாய் விளிம்பைக் கையுறையால் துடைத்தேன், எண் தெரிந்தது. நம்பாமல் இன்னொரு தடவை துடைத்துப் பார்த்தேன், அதேதான்.

அவற்றை வைத்து என்ன செய்கிறோம் என்று எழுத அனுமதி இல்லை. இருபத்திரண்டு வருடமாக லேத்தில் நிற்கிறேன், இப்படி ஓர் அவசரத்தைப் பார்த்ததில்லை. மற்ற வேலைகளுக்கு வரைபடம் ஆறு மாதம் போகும், வரும். இதற்கு வந்ததோ பென்சிலால் போட்ட ஒரு படம். மேஸ்திரி ஸ்டான் அதைச் சுவரில் ஒட்டிவிட்டு, "யாரும் கேள்வி கேக்காதீங்க, எனக்கே தெரியாது" என்றார்.

செவ்வாய்க்கிழமை 1147 என் லேத்துக்கு வருகிறது. உள்துளையை எட்டு அங்குலத்திலிருந்து பத்தாகக் குடைய வேண்டும். (இதைக்கூட எழுதியிருக்கக் கூடாது. படித்ததும் அடுப்பில் போடு.) குடைந்துவிட்டால், அது தேய்ந்திருந்ததா இல்லையா என்று அந்த ஆண்டவராலும் சொல்ல முடியாது. அதனால் முதலில் அளக்கப் போகிறேன். எந்த அளவு வந்தாலும் கூட்டாமல் குறைக்காமல் உனக்கு எழுதுவேன்.

உன் அத்தான் ரே உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். நாள் முழுக்க டிவியில் ஈராக் போரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

உன் அக்கா,
க்ளாடெட்


லாட்டன், ஓக்லஹோமா
7 பிப்ரவரி 1991

அக்கா,

கடிதம் இன்று வந்தது. அளக்காதே. இது உன் கைக்கு வருவதற்குள் அளந்திருப்பாய் என்பதும் தெரியும். அளந்திருந்தால் எனக்கு எழுதாதே. ஒன்பது வருடமாகக் கத்தினேன், யாரும் காது கொடுக்கவில்லை. இனி யாருக்கு வேண்டும் அது?

எனக்கு இங்கே பிழைப்பு நடக்கிறது. கிணறு தோண்டும் லாரி சொந்தமாகிவிட்டது. இந்த வாரம் சிவப்புக் களிமண், அதன் கீழே பாறை. அறுபதடி போயும் ஈரம்கூட இல்லை. நிலத்துக்காரர் வேலியில் சாய்ந்துகொண்டு, "ஏம்பா, நீ தண்ணி தேடுறியா, சீனாவத் தேடுறியா?" என்கிறார்.

குழலின் வாய் அருகே இடது பக்கம் ஒரு சங்கிலித் தழும்பு இருக்கும். இழுத்துப்போகும்போது நாங்கள் போட்டது. இருக்கிறதா பார். பத்திரமாகக் கையாளு. நல்ல குழல் அது.

ரேயைக் கேட்டதாகச் சொல்.

நார்பர்ட்


கோஹோஸ்
13 பிப்ரவரி 1991, சாம்பல் புதன்

அன்புத் தம்பி,

எழுதாதே என்றாய். எழுதாமல் எப்படி இருப்பேன்?

செவ்வாய்க்கிழமை காலை, லேத்தில் ஏற்றியதும் நட்சத்திரக் கோலை உள்ளே விட்டேன். நீளமான தண்டு, நுனியில் நாலு பக்கமும் விரியும் ஊசிகள். துளையின் அகலத்தை மயிரிழைக் கணக்கில் சொல்லிவிடும். மூன்று இடத்தில், இரண்டிரண்டு தடவை அளந்தேன். நார்பர்ட், அது தேய்ந்திருந்தது. கழிக்க வேண்டிய எல்லையைத் தாண்டித் தேய்ந்திருந்தது. நீ சொன்னது நிஜம். இத்தனை வருடம் உன்னை நம்பாமல் இருந்தவள் நான். மன்னித்துவிடு.

எழுத்தில் ஒன்றும் இல்லை. ஸ்டான் காப்பி குடிக்கப் போயிருந்தார், பார்த்தவள் நான் ஒருத்திதான். அதனால் என்ன? எந்த விசாரணைக் குழு கூப்பிட்டாலும் வருகிறேன். பைபிள் மேல் கை வைத்துச் சொல்கிறேன்.

பிறகு குடைய ஆரம்பித்தேன். பீரங்கி எஃகு லேசில் வழிவிடாது, உனக்குத் தெரியும். குண்டைச் சுழற்றி அனுப்பிய உள்வரிகள் நீலச் சுருளாகக் கழன்று காலடியில் விழுந்தன. பத்தொன்பது அடி எஃகு மெதுவாகச் சுற்ற, கூடத்தில் எல்லோரும் கைவேலையை விட்டுவிட்டுப் பார்க்க வந்தார்கள். எத்தனையோ குழல் செய்திருக்கிறோம். ஒரு குழலே குண்டாக மாறுவதை யாரும் பார்த்ததில்லை. ஐயோ, எழுதிவிட்டேன். அடுப்பு, அடுப்பு.

இன்று காலை தவக்காலம் தொடங்கும் பூசை முடிந்து, நெற்றியில் இட்ட சாம்பலோடு வீட்டுக்கு வந்தேன். பாக்தாதில் ஒரு பதுங்கிடத்துக்குள் குண்டு இறங்கி, உள்ளே இருந்த பெண்களும் குழந்தைகளும் செத்தார்கள் என்று டிவி சொல்கிறது. அது எங்கள் குண்டு இல்லை. எங்களுடையது இன்னும் வாசலைத் தாண்டவில்லை. ஆனாலும் ரேயிடம் டிவியை அணைக்கச் சொன்னேன். நாளைக்கு லேத் முன்னால் போய் நிற்கும்போது எனக்கு என்ன தோன்றும் என்று தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

சங்கிலித் தழும்பு இருந்தது. தடவிப் பார்த்தேன்.

அன்புடன்,
அக்கா


கோஹோஸ்
21 ஏப்ரல் 1991, ஞாயிறு

அன்புத் தம்பிக்கு,

இரண்டு மாதமாகிறது, ஒரு வரி இல்லை. ஒன்பது வருடமாகக் கேட்டது கிடைத்ததே, கூத்தாடுவாய் என்று நினைத்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லையே?

போர் முடிந்து, பத்திரிகைகளே எழுதிவிட்டன. இனி அடுப்பில் போட வேண்டாம். நாங்கள் செய்தது பூமிக்குள் புகும் குண்டு. ஆழத்தில் கான்கிரீட் மாளிகை கட்டி உட்கார்ந்திருந்த ஈராக் தளபதிகளை எட்டுகிற மாதிரி ஒன்று அதுவரை நம்மிடம் இல்லையாம். அவ்வளவு கெட்டியான எஃகு உருளைக்கு எங்கே போவது என்று எல்லோரும் கை பிசைந்தபோது, பழைய பீரங்கிக் குழல் மூலையில் கிடக்கிறதே என்று யாரோ ஓய்வுபெற்ற ஆள் சொன்னாராம். மூன்றே வாரத்தில் குண்டு தயார்.

சோதனைக்கு எங்கள் சார்பில் ஸ்டான் போய்வந்தார். வாயே திறக்காத அந்த மனிதர், மதியச் சாப்பாட்டு மேசையில் ஒரு மணி நேரம் பேசினார். குண்டு உயரம் அதிகம், வெடிமருந்தை ஊற்ற நிமிர்த்தி நிறுத்துவதற்கு எந்தக் கூரையின் உயரமும் போதவில்லையாம். தரையில் குழி வெட்டி, அதை அதில் செங்குத்தாக நிறுத்தி, உருக்கிய மருந்தை வாளியில் மொண்டு கையாலேயே ஊற்றினார்களாம். பாலைவனத்துக்குப் போனவை விமானத்தில் ஏற்றும்போதும் சூடு ஆறாமல் இருந்தனவாம். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் போல என்றார்.

இன்னொன்றைத் தண்டவாளத்தில் வைத்து ராக்கெட்டால் தள்ளி, இருபத்திரண்டு அடி கான்கிரீட் சுவரில் மோதவிட்டார்கள். சுவருக்குள் நிற்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். துளைத்துக்கொண்டு மறுபக்கம் வந்து, அரை மைல் பறந்து போனதாம். "க்ளாடெட், நான் தொப்பிய எடுத்துட்டேன். கோவில்ல கழட்டுற மாதிரி தன்னால கை போயிருச்சு" என்றார்.

இனிதான் உன் விஷயம். நெவாடாவில் வானத்திலிருந்து போட்டுப் பார்த்தது ஒன்று. மருந்து இல்லாமல், எவ்வளவு ஆழம் போகும் என்று பார்க்க மட்டும். எந்தக் குழல் எங்கே போனது என்று ஸ்டானின் நோட்டில் இருக்கிறது. அது 1147. தரையில் ஒரு துளை, அவ்வளவுதான். தோண்டினார்கள், தோண்டினார்கள், வால்கூடக் கிடைக்கவில்லை. நூறடிக்குக் கீழே போய்விட்டது என்று கணக்குப் போட்டு, அப்படியே மண்ணைத் தள்ளி மூடிவிட்டார்கள். இனி எந்த ராணுவமும் அதை எடுத்து அளக்க முடியாது, நார்பர்ட். நான் சொல்வதுதான் கடைசி வார்த்தை. மனுவை மறுபடி எழுது. என் பெயரைப் போடு. கூச்சப்படாதே.

ஈராக்கில் இரண்டை நிஜமாகவே போட்டார்களாம். உள்ளே யார் இருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை, ஸ்டானும் சொல்லவில்லை.

ஒரு வரியாவது எழுதடா.

அக்கா


லாட்டன்
14 மே 1991

அன்பு அக்காவுக்கு,

நூறடி. அந்த வரியைப் படித்துவிட்டு லாரிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். இங்கே எனக்கு நூறடிக்கு இரண்டு நாள் ஆகிறது. துளைமுனை இரண்டு மழுங்குகிறது, காது அடைத்துப்போகிறது. நம் குழல் கண்ணை மூடித் திறப்பதற்குள் அவ்வளவு தூரம் போயிருக்கிறது. இந்தக் கையால் எண்ணெய் போட்டுத் துடைத்த குழல். பெருமையா, பயமா என்று எனக்கே பிடிபடவில்லை.

அக்கா, நீ பொய் சொல்கிறாய். அதுவும் சாம்பல் புதனன்று, நெற்றியில் சாம்பலோடு உட்கார்ந்து!

அந்தக் குழல் நீ எழுதியபடி தேய்ந்திருந்தால், அன்று அதற்கு முன் சுட்ட இருபது குண்டும் தூரம் குறைந்துதான் விழுந்திருக்க வேண்டும். இருபதும் குறியில் விழுந்தன. எனக்குத் தெரியும், ஏனென்றால் என்ன நடந்தது என்று எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

ஒவ்வொரு குண்டுக்கும் ஏழு வெடிமருந்துப் பை கட்டி வரும். தூரத்துக்கு ஏற்ப வேண்டாததைப் பிரித்து ஓரமாகக் குவிப்போம். மீதிப் பையை ஒரு ஆள் கையில் தூக்கிக் காட்டி, எண்ணிக்கையை உரக்கச் சொல்ல வேண்டும்; சார்ஜெண்டான நான் நிமிர்ந்து பார்த்து, "பாத்தாச்சு" என்று சொல்ல வேண்டும். அன்று நல்ல குளிர். நான் கையுறையைக் கழற்றி விரலை ஊதிக்கொண்டிருந்தேன். பார்க்காமலே "பாத்தாச்சு" என்றேன். சாயந்திரம் குவியலைக் கொளுத்துவதற்கு முன் எண்ணினேன். ஒரு பை அதிகம் இருந்தது; அந்தக் குண்டுக்கு ஒரு பை குறைவாகப் போயிருந்தது. யாரிடமும் சொல்லாமல் நானே தீ வைத்தேன்.

பிறகு குழல்மேல் பழியைப் போட்டேன். மனு எழுத எழுத அதை நானே நம்பவும் ஆரம்பித்தேன். நீ அளந்தால் என் பொய் உடைந்துவிடும் என்றுதான் வேண்டாம் என்றேன். நீ உண்மையை எழுதியிருந்தால் உன்னோடு இன்னும் ஒன்பது வருடம் சண்டை போட்டிருப்பேன். நீயோ எனக்காகப் பைபிளில் கை வைக்கிறேன் என்றாய். ஒரு முட்டைக்குக்கூடக் கடைக்காரரிடம் பொய் சொல்ல மாட்டாய் நீ. அதை என்னால் தாங்க முடியவில்லை, அக்கா.

லெப்டினன்டின் அம்மா, திருமதி வெர்னா ப்ரூயிட், விச்சிட்டா ஃபால்ஸில் இருக்கிறார். இங்கிருந்து ஐம்பது மைல். ஒன்பது வருடமாக அந்தத் திசையில் எந்தக் கிணற்று வேலைக்கும் நான் போனதில்லை. அன்னையர் தினம் கழியட்டும் என்று காத்திருந்து நேற்றுப் போனேன். கதவைத் திறந்தார். பெயரைச் சொன்னதும், "நீதானா அந்தத் தம்பி? உன் மனு நகல் எல்லாம் வச்சிருக்கேன். உள்ள வா" என்றார். குளிர்பெட்டிக் கதவில், மகன் படத்துக்குப் பக்கத்தில், ஒரு துண்டுச் சீட்டில் 1147 என்று எழுதி ஒட்டியிருந்தார். அந்தக் குழலை நினைத்துத் தினமும் திட்டுவாராம்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பை, குளிர், கையுறை, தீ, நீ குழலை அளந்து எனக்காகச் சொன்ன பொய்கூட. அவர் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "ஒம்பது வருஷமா ஒரு இரும்ப வெறுத்துக்கிட்டிருந்தேன். இப்ப ஒரு மனுஷன வெறுக்கச் சொல்ற. அதப் புதுசா தொடங்க எனக்கு வயசு பத்தாதுப்பா" என்றார். எழுந்து போய் அந்தச் சீட்டைக் கிழித்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வாசலில், "உங்க அக்கா அளந்தது நெஜமா என்ன வந்துச்சாம்?" என்று கேட்டார். தெரியாது, கேட்டு எழுதுகிறேன் என்றேன்.

ராணுவத்துக்கும் எழுதிப் போட்டுவிட்டேன். என்ன செய்வார்களோ செய்யட்டும்.

அளவை எழுது, அக்கா. இந்தத் தடவை நிஜத்தை எழுது.

உன் தம்பி,
நார்பர்ட்


கோஹோஸ்
19 மே 1991, ஞாயிறு

என் தம்பிக்கு,

எட்டு அங்குலத்துக்கு மேல், ஒரு அங்குலத்தை ஆயிரமாக்கினால் அதில் நாலு பங்கு. அவ்வளவுதான். ஏறக்குறையப் புதுக் குழல்.

ஸ்டான் காப்பி குடிக்கப் போகவில்லை. பக்கத்தில்தான் நின்றார். நான் உரக்கச் சொல்ல, அவர் குழல்மேல் சாக்பீஸால் எழுதினார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாருக்காவது பாதகமான நம்பரா இது?" என்றார். ஆமாம் என்றேன். கையால் அழித்துவிட்டார்.

திருமதி ப்ரூயிட்டுக்கு இந்தக் கடிதத்தையே காட்டு. ஜூன் மாதம் லீவு போட்டு வா. அம்மா கல்லறைக்கு இரண்டு பேரும் சேர்ந்து போகலாம். அன்று நீ தொடாமல் வைத்துவிட்டுப் போன தட்டுக்கு வட்டியும் முதலுமாகப் பன்றித்தொடை ஹாம் வறுத்து வைக்கிறேன்.

அக்கா