உன் அண்ணியும் சோபாக்காரரும்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அண்ணன், அண்ணி, குட்டி எல்லோரும் சுகம், என் இடுப்பும் முட்டியும் மட்டும்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். போனில்தான் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இந்த அம்மாவுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று சொன்னால் நீ ஒன்பது சொல்கிறாய், நான் சொல்ல வந்தது பாதியிலேயே நின்றுபோகிறது. இதில் நீ குறுக்கே பேச முடியாது. முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

போன மாதம் நீ உன் அண்ணனுக்குத் தனியாகப் போன் பண்ணி என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியும். அவள் கட்சி கட்சின்னு ஊர் சுத்துறா, வயசான காலத்துல அம்மா அவ கூட்டத்துக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்துட்டு இடுப்பு ஒடிஞ்சு கிடக்குறாங்க, நீ என்ன பார்த்துக்கிட்டு இருக்கேன்னு கேட்டாயாம். அவனே என்னிடம் வந்து, பாப்பாவுக்கே தெரியுது, உனக்குத் தெரியலையான்னு குதித்தான். உனக்கு என்மேல் இருக்கிற அக்கறை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் என் இடுப்பு அந்தக் கட்சியில் உன் அண்ணி சேர்வதற்கு எத்தனையோ வருஷம் முன்னாலிருந்தே வலிக்கிறது. நான் உன்னிடம் டீ போட்டேன் என்றும் சொன்னேன், இடுப்பு வலி என்றும் சொன்னேன், இரண்டுக்கும் நீயாக முடிச்சுப் போட்டுக்கொண்டால் நான் என்ன செய்ய?

அவள் கட்சியில் சேர்ந்ததே என்னால்தான், அது உனக்குத் தெரியுமா? நம் தெருமுனை வரைக்கும் வந்த பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள் இல்லையா, முட்டி வைத்தியத்துக்குப் போக நான் மெயின் ரோடு வரைக்கும் நடக்க வேண்டியிருந்தது. அவள் பல் ஆஸ்பத்திரி வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு ஆபீஸ் ஆபீஸாகப் போய் வந்தாள். ஒரு இடத்தில், சும்மா வந்து நின்னா எப்படிம்மா, கட்சிக்காரங்க யாரையாவது கூட்டிட்டு வாங்கன்னு சொல்லிவிட்டார்களாம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, யாரையோ கூட்டிட்டுப் போறதுக்கு நானே கட்சிக்காரி ஆயிடுறேன் அத்தைன்னாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த வாரமே போய்ச் சேர்ந்துவிட்டாள். பஸ் இப்போது மருந்துக்கடை திருப்பம் வரைக்கும் வருகிறது. மீதி தூரத்துக்கு இன்னும் சண்டை போய்க்கொண்டிருக்கிறது.

அப்போது நம் வட்டத்துக் கிளை என்பது சோபாக்காரர்தான். கடைத்தெருவில் சோபாக் கடை வைத்திருக்கிறாரே, அவரேதான். கூட்டம் அவர் கடை மாடியில் கடை அடைத்த பிறகு நடக்கும், அந்த நேரத்துக்கு எந்தப் பெண்பிள்ளை போவாள்? அவர் பேசுவார், நாலு பேர் கொட்டாவி விடுவார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு கலைந்துவிடுவார்கள். உன் அண்ணி பதவி எதுவும் கேட்கவில்லை, கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்க வீட்டுல வச்சுக்கலாமான்னு மட்டும் கேட்டாள். அப்படித்தான் நம் முன்னறைக்குக் கட்சி வந்தது. அவள் வைத்த ஒரே சட்டம், எல்லோரும் ஒரு தடவை பேசி முடிக்கிற வரைக்கும் யாரும் இரண்டாம் தடவை பேசக்கூடாது என்பது. சோபாக்காரருக்கு முதல் தடவையே முடியாதே, அவர் ஆரம்பித்தால் கட்சி பிறந்த கதையிலிருந்து வருவார். அதற்குத்தான் என் டீ. யார் இழுத்துக்கொண்டே போகிறாரோ அவர் கையில் நான் கொண்டுபோய்ச் சூடாக ஒரு டம்ளரைக் கொடுத்துவிடுவேன். கையில் சூடு, வாயில் பேச்சு, இரண்டும் ஒன்றாக நடக்காது. அவர் ஊதிக் குடிப்பதற்குள் அடுத்த ஆள் பேசத் தொடங்கிவிடுவார். இந்த யோசனை யாருடையது என்று நினைக்கிறாய்? உன் அண்ணியுடையது இல்லை, என்னுடையது. என்னை வேலை வாங்குகிறாள் என்று நீ சொன்னபோது எனக்கு வந்த கோபம் இதனால்தான். அந்தக் கூட்டத்தில் எனக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது, அதை நீ வேலைக்காரி வேலை ஆக்கிவிட்டாய்.

அவள் வீடு வீடாகப் போகிறதை ஒரு நாள் நீ பார்க்க வேண்டும். பல்வலிக்காரர்களை உட்கார வைத்துப் பேசிப் பழகியவள் இல்லையா, யார் கத்தினாலும் முகம் மாறுவதில்லை. முதல் தடவை போகும்போது கட்சிப் பேச்சே எடுக்கமாட்டாள். தண்ணீர் எப்படி வருது, குப்பை வண்டி வருதா, பெரியவருக்குப் பென்ஷன் வந்துச்சா, அவ்வளவுதான் கேட்பாள். இரண்டாம் தடவை பதிலோடுதான் போவாள், நடந்தால் நடந்தது, நடக்கவில்லை என்றால் ஏன் நடக்கவில்லை என்று. மூன்றாம் தடவை அவர்களே, நீ எந்தக் கட்சிம்மான்னு கேட்பார்கள். நானும் ஒரு நாள் கூடப் போனேன். ஒரு வீட்டு ஆள் எங்கள் முகத்தில் கதவைப் படாரென்று சாத்தினான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனை இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன். இவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அவருக்கு இன்னைக்கு மனசு சரியில்ல போலிருக்கு, அடுத்த மாசம் வரலாம் அத்தைன்னாள். அடுத்த மாதம் போனாள், பாப்பா. அவன் இப்போது நம் முன்னறையில் ஜன்னலோரமாக உட்கார்ந்து என் டீயைக் குடிக்கிறான். எனக்குப் பெருமையாக இருக்கிறது, வெட்கப்படாமல் சொல்கிறேன். உன்னை நான் பெற்றேன், அவளை நான் பெறவில்லை, அது ஒன்றுதான் குறை.

உன் அண்ணனைத் திட்டாதே, அவனுக்குப் பயம். கிளைச் செயலாளர் பதவிக்கு அவள் நிற்கப்போகிறாள் என்று தெரிந்ததும் யாரோ சுவரில் இருந்த அவள் போஸ்டரில் முகத்தில் தாரைப் பூசிவிட்டார்கள். அவன் காலையில் லிஃப்ட் ரிப்பேர் வேலைக்குப் போகிற வழியில் பார்த்திருக்கிறான். அவள் பார்ப்பதற்கு முன்னால் தன் வேலைப் பையிலிருந்த தகட்டை வைத்துச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போனான், அன்றைக்கு லேட் என்று மேனேஜரிடம் பேச்சும் வாங்கினான். அதை அவளிடம் சொல்லவே இல்லை, என்னிடம்தான் சொன்னான். அந்த வாரம் பார்த்துத்தான் உன் போன் வந்தது. அன்றைக்கு மாலை, பாப்பாவே இப்படிச் சொல்றா, நீ எலெக்ஷன்ல நின்னா என்னை எதுக்கும் கூப்பிடாதேன்னு அவளிடம் கத்தப் போனவன், அவள் முகத்தைப் பார்த்ததும் உன் பெயரை மட்டும் முழுங்கிவிட்டான். மீதியைக் கத்தினான். அதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு, அம்மாகிட்ட சட்டை எங்கேன்னு கேளு என்று குட்டி நடுவில் ஓடி ஓடிக் களைத்துப் போனாள். உன் அண்ணி என்னிடம், அவருக்குப் பிடிக்கலைன்னா விட்டுடலாமா அத்தைன்னு ஒரே ஒரு தடவை கேட்டாள். உனக்குப் பிடிச்சிருக்கா, அதைச் சொல்லுன்னேன். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. அப்படியென்றால் நில்லுன்னு சொல்லிவிட்டேன்.

தேர்தல் போன ஞாயிற்றுக்கிழமை மதியம் சங்கக் கட்டடத்து ஹாலில் நடந்தது. எங்கள் வழக்கம் உனக்குத் தெரியாது, சொல்கிறேன். கிளை உறுப்பினர் ஒருவர் எழுந்து இன்னாரை முன்மொழிகிறேன் என்று சொல்ல வேண்டும், இன்னொரு உறுப்பினர் வழிமொழிய வேண்டும், அப்புறம்தான் கை தூக்குவது. மேலிடத்திலிருந்து பார்வையாளர் ஒருவர் வந்திருந்தார். அவர் உட்கார சோபாக்காரர் தன் கடையிலிருந்தே ஒரு சோபாவைக் கொண்டுவந்து போட்டிருந்தார், மேலே சுற்றிய பிளாஸ்டிக் கவரைக்கூடப் பிரிக்கவில்லை, யார் அசைந்தாலும் கிறீச் கிறீச்சென்று கத்தியது. உன் அண்ணியை முன்மொழிவதாக இருந்தது மருந்துக்கடை அக்கா. வழிமொழிவதாக இருந்த லாரி டிரைவர் வெளியூர் லோடு எடுத்துக்கொண்டு போனவர் திரும்பி வந்து சேரவில்லை. சோபாக்காரர் பெயரை அவர் ஆட்கள் முன்மொழிந்து வழிமொழிந்தாயிற்று. வேறு யாராவதுன்னு பார்வையாளர் கேட்டார். சோபாக்காரர் மெல்லத் திரும்பி மருந்துக்கடை அக்காவைப் பார்த்தார். அந்த அக்காவின் கடை இருப்பது அவர் கட்டடத்தில். அக்கா தலையைக் குனிந்துகொண்டது. நான் உன் அண்ணியைப் பார்த்தேன். அவள் அந்த அக்காவைப் பார்த்து, விடுங்க, பரவாயில்லை என்கிற மாதிரி லேசாகத் தலையை ஆட்டினாள். இத்தனை நாள் உழைத்தது எல்லாம் கை நழுவிப் போகிற நேரத்தில் அவள் இன்னொருத்தியின் கடையை நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஹாலில் டீயும் இல்லை, டம்ளரும் இல்லை, அதனால் நானே எழுந்தேன். என் முட்டிக்கு எழுந்து நிற்கவே ஒரு யுகம் ஆகிறது, அதற்குள் எல்லோரும் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். என் மருமகளை நான் முன்மொழியிறேன்னேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. சோபாக்காரர் சிரித்துக்கொண்டே, மாமியாரே மருமகளை முன்மொழியிற அதிசயத்தை இன்னைக்குத்தான் பார்க்குறேன்னார். ஹாலே சிரித்தது. வழிமொழிவது யாருன்னு பார்வையாளர் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. ஒருவரும் அசையவில்லை, சோபா மட்டும் கிறீச்சென்றது. அப்போது பின்னாலிருந்து, நான் வழிமொழியிறேன்னு ஒரு குரல். திரும்பினால் வாசலில் உன் அண்ணன் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். என்னால் நடக்க முடியாதே என்று என்னை மட்டும் கூட்டிக்கொண்டு போக வந்தவன்.

நீங்க கட்சி உறுப்பினரே இல்லையே, நடுவுல வந்து எப்படிப் பேசலாம்னு சோபாக்காரர் எழுந்துவிட்டார். உன் அண்ணனும் முழித்தான், தான் உறுப்பினரா இல்லையா என்று அவனுக்கே தெரியாது. தலை குனிந்திருந்த மருந்துக்கடை அக்கா அப்போதுதான் நிமிர்ந்தது. அவர் உறுப்பினர்தான், நான்தான் சேர்த்து எழுதினேன், நீங்கதானே வீட்டுல இருக்குற எல்லாரையும் சேருங்க, தலை எண்ணிக்கை காட்டினா போதும்னு சொன்னீங்கன்னு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னது. உண்மைதான், மேலிடத்தில் ஆள் பலம் காட்டுவதற்காக அவர் சொன்ன யோசனை அது. உன் அண்ணன் பைக்கை ஸ்டார்ட் பண்ணி வைத்துக்கொண்டே, என்ன ஏது என்று படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவன். பார்வையாளர் உறுப்பினர் பதிவைப் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டார். கை தூக்கச் சொன்னபோது முதல் கை மருந்துக்கடை அக்காவுடையது. அப்புறம் ஜன்னலோரத்து ஆள், அப்புறம் கண்ணுக்கு எட்டிய வரை கைதான். பார்வையாளர் எண்ணத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டார். ஆமாம் பாப்பா, உன் அண்ணி இப்போது கிளைச் செயலாளர். சோபாக்காரர்கூட வந்து வாழ்த்துச் சொன்னார், அதையும் சொல்ல வேண்டும்.

வெளியே வந்து படியில் என்னைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டே உன் அண்ணி சொன்னாள், முதல்ல நம்ம பாப்பாவுக்குச் சொல்லணும் அத்தை, அவதான் ரொம்ப சந்தோஷப்படுவான்னு. நான் உன் அண்ணனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்துவிட்டு, வண்டிக்குக்கூடப் போகாமல் அங்கேயே நின்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். நீ சொன்னது அவளுக்கு இன்று வரைக்கும் தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் சொல்லப்போவதும் இல்லை. அதனால்தான் உனக்குப் போன் பண்ண அவளையும் விடாமல், பாப்பாவுக்கு நைட் டியூட்டின்னு ஒரு பொய் சொல்லிவிட்டு இதை எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு நீயாக அவளைக் கூப்பிடு. மன்னிப்பெல்லாம் கேட்டு அவளைக் குழப்பாதே. அவள் சொல்லும்போது புதிதாகக் கேட்கிற மாதிரி கேட்டு, அவள் நினைத்திருக்கிற மாதிரியே சந்தோஷப்படு. கொஞ்ச நேரம் சந்தோஷப்பட்டால் அப்புறம் நிஜமாகவே வந்துவிடும், எனக்கு அப்படித்தான் வந்தது.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ, வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் எதற்கெடுத்தாலும் எரிந்து விழாதே. இரண்டு பேரும் நீண்ட ஆயுளோடும் மன நிறைவோடும் இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் வேண்டிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் போன் பண்ணாதே, எனக்கு வேலை இருக்கும்.

இப்படிக்கு,
உன் அம்மா,
கிளை உறுப்பினர்.