பாஸா, ரிஜெக்டா?

என் அன்புக்குரிய ஸ்டெல்லா அப்பாவுக்கு,

பரலோகத்துல நெஞ்சு வலியே கிடையாதுன்னு பாஸ்டர் சொன்னார். சந்தோஷம், நல்லா இருங்க. ஆனா எனக்கு உங்க மேல இருக்குற கோபம் இன்னும் ஆறல. எல்லாம் அந்த நர்ஸ் எஸ்தர் சிஸ்டரால வந்ததுதான்.

ஆபரேஷன் முடிஞ்சு வேலூர் ஆஸ்பத்திரியில ஒரு பெட்டி குடுத்து அனுப்பினாங்களே, ஞாபகம் இருக்கா? தினம் காலையில ஒயரை நெஞ்சுல ஒட்டிக்கிட்டு போன் ரிசீவரைப் பெட்டி மேல வெச்சா, ஆம்பூர்ல துடிக்கிறது வேலூர்ல கம்ப்யூட்டர்ல தெரியும். பார்த்துட்டு எஸ்தர் போன்லயே பேசுவா. ஷூ கம்பெனியில இருபது வருஷம் ஒவ்வொரு ஷூவையும் பார்த்து பாஸ், ரிஜெக்ட்னு பிரிக்கிற செக்கரா இருந்தவராச்சே, "சிஸ்டர், நான் பாஸா, ரிஜெக்டா?"ன்னு கேட்பீங்க. அவ சிரிக்கிறது அடுப்படி வரைக்கும் கேக்கும்.

மூச்சு வாங்குதான்னு நான் கேட்டா மட்டும் "ஒண்ணும் இல்ல, போடி." அவகிட்ட கால் மணி நேரம், அதுவும் கதவைச் சாத்திக்கிட்டு. முகம்கூடப் பார்க்காத பொண்ணு மேல எனக்கு வயித்தெரிச்சல். அவளுக்கு நம்ம ஸ்டெல்லா வயசுதான், தெரியும். தெரிஞ்சா எரியாதா?

ஒருநாள் நீங்க குளிக்கப் போன நேரம், ஒயரை எடுத்து நானே ஒட்டிக்கிட்டு நம்பரைப் போட்டேன். அவ அப்படி இன்னாதான் பேசுறான்னு கேட்கணும். பெட்டி கீச்சு கீச்சுன்னு கத்தி முடிச்சுது. ரிசீவரைக் காதுல வெச்சேன். "அங்கிள், இன்னைக்கு ரிஜெக்ட். விளையாட்டு இல்ல, உடனே கிளம்பி வாங்க"ன்னா.

சோப்பு நுரையோட உங்களைக் கூப்பிட்டு வேலூருக்கு இழுத்துட்டுப் போனேன். அங்க பார்த்தா உங்களுக்கு எப்பவும் போலத்தான். பெட்டி கோளாறுன்னு வேற பெட்டி குடுத்தாங்க. நான் ஒயரைத் தப்பா ஒட்டிட்டேன்னு நினைச்சு, மானம் போயிடும்னு வாயே திறக்கல.

நீங்க போன நாலாம் மாசம் நான் சர்ச்சுல மயங்கி விழுந்தேன். அன்னைக்கு ரிஜெக்ட் ஆனது என் நெஞ்சுன்னு அப்பதான் உறைச்சுது. இப்போ அந்தப் பெட்டி எனக்கு. போன வாரம் எஸ்தர்கிட்ட உண்மையைச் சொல்லிட்டேன். அன்னைக்கே சொல்லியிருந்தா இவ்வளவு முத்தியிருக்காதேன்னு வருத்தப்பட்டா. அப்புறம் நானே கேட்டேன், கதவைச் சாத்திக்கிட்டு அவர் உன்கிட்ட இன்னாம்மா பேசுவார்னு.

அவ சொன்னா, "பேச மாட்டார் ஆன்ட்டி. பாதி நாள் அழுவார். சாகப் பயமா இருக்கும்பார்."

முப்பத்தோரு வருஷம் உங்களோட குடும்பம் பண்ணினேன். உங்க அம்மா போனப்பகூட என் முன்னாடி நீங்க அழல. அந்த அழுகை எனக்குச் சேர வேண்டியதுங்க. அதைக் கொண்டுபோய் போன்ல ஊத்திட்டீங்களே, நான் பத்தடி தூரத்துல நிக்கும்போது? அவ மேல இருந்த பொறாமை கம்மியாகல, ஜாஸ்திதான் ஆயிருக்கு.

எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா அதைப் போன்ல அழ மாட்டேன். ஞாயித்துக்கிழமை ஸ்டெல்லா வர்றா. அவளைப் பக்கத்துல உட்கார வெச்சு, அவ கையைப் பிடிச்சுக்கிட்டு, அவ முன்னாடியே அழுவேன். இது சத்தியம்.

இன்னும் பொறாமை தீராத உங்க பெண்சாதி,
ஸ்டெல்லா அம்மா