கூடத்தில் மாட்டிய பாலைவனப் படம்

என் பிரியமான வாப்பாவுக்கு, ஸலாம்.

காயல்பட்டினம் வந்து பத்து நாளாகிறது. முதல் வேலையாக உங்களை அடக்கிய கபரைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைந்தேன். நுழைந்தால், கூடத்தில் என் படம்! பின்னால் மணல்மேடு, பக்கத்தில் வெள்ளைக் கார், கைகட்டிச் சிரிக்கிற நான். பெரிதாக்கிச் சட்டம் போட்டு, வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினீர்களாமே. ஏன் வாப்பா அப்படிச் செய்தீர்கள்?

அந்தக் கார் என் அரபி முதலாளியுடையது, நான் வெறும் டிரைவர். மணல்மேடு பார்க்கச் சாலையோரம் ஓர் இடம் உண்டு. சுற்றுலா வந்தவர்களை அங்கே இறக்கி, அவர்கள் போனில் அவர்களைப் படமெடுத்துக் கொடுப்பேன். ஒருவர் இரக்கப்பட்டு என்னையும் எடுத்தார், அவ்வளவுதான். என் பாஸ்போர்ட் முதலாளியின் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. நீங்கள் மௌத்தான சேதி வந்ததும் போய்க் கெஞ்சினேன். சீசன் முடியட்டும் என்றார். வீட்டில் டிக்கெட் கிடைக்கவில்லை என்று பொய் சொன்னேன். உங்கள் கபரில் எல்லாரும் மூன்று பிடி மண் போட்ட நேரத்தில், யாரோ ஒரு குடும்பத்தைச் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாவி நான்.

இப்போது தங்கச்சி மாப்பிள்ளை கடையை விட்டுவிட்டு என்னோடு வரத் துடிக்கிறார். எல்லாம் அந்தப் படம் செய்த வேலை. நம் ஊர் வழக்கப்படி பெண்வீட்டோடு இருப்பவர். நீங்கள் போன பிறகு உம்மாவுக்கும் தங்கச்சிக்கும் அவர் ஒருவர்தானே துணை?

நேற்று உடன்குடி போகும் வழியில், தேரி மணல்மேடு தெரிகிற இடத்தில் மச்சான் வண்டியை நிறுத்தினார். செம்மணலுக்கு முன்னால் என்னைப் போலவே கைகட்டி நின்றார்.

"ஒண்ணு எடுங்க மச்சான். அங்கன வந்ததும் இதே மாதிரி எடுத்து, ரெண்டையும் சேத்து மாட்டணும்."

போனைத் தூக்கினேன். எடுக்க முடியவில்லை. ரோட்டோரம் நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

கட்டிய கையை அவிழ்த்துக்கொண்டு மச்சான் கேட்டார். "அப்ப நீங்க மட்டும் ஏன் திரும்பிப் போறீங்க?"

"வாப்பா பெருமையா வச்சிருந்த பேரு போயிரும்லா?"

"ஆமா, பேரு! இது தெரிஞ்சிருந்தா மாமா உங்கள அங்கன விட்டு வச்சிருப்பாங்களா?"

பாஸ்போர்ட் இப்போது என் சட்டைப்பையில். என்னை யாரும் பிடித்துவைக்கவில்லை. அப்படியும் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன். இது என்ன புத்தி வாப்பா?

வெள்ளிக்கிழமை விமானம். அதற்கு முன் உம்மா எதிரில் உட்கார்ந்து, டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொன்ன பொய் உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். இது உங்களுக்குத் தரும் வாக்கு. அதற்குப் பிறகும் உம்மா போ என்று சொன்னால்தான் போவேன்.

உங்கள் மூத்த பிள்ளை