ஹெலிகாப்டர் தளத்தில் ஓடுகிறவனுக்கு

ஏரிக்கரை வீடு,
ஆகஸ்ட் கடைசி ஞாயிறு, 1984

அன்புள்ள ஆர்வித்,

இங்கே நானும் ராண்டியும் நலம். நீயும் நடுக்கடலில், அந்த எண்ணெய்க் கிணற்று மேடையில், காற்றுக்குப் பறந்துபோகாமல் நலமாக இருக்க வேண்டும். போன வாரம் தொலைபேசியில் பேசியபோது உனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் இருமியதுகூட எனக்குக் கேட்டது. அத்தனை காதுகளுக்கு நடுவே சொல்லக்கூடிய விஷயம் இல்லை என்பதால்தான் எழுதுகிறேன். பயப்படாதே, யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை.

முதலில் வீட்டுச் செய்தி. படகுக் கொட்டகையின் கூரை மறுபடி ஒழுகுகிறது. நீ போன தடவை அடைத்த அதே இடம்தான், இதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. உருளைக்கிழங்கு நன்றாக வந்திருக்கிறது, பாதியைத் தோண்டிவிட்டேன், மீதி உனக்காகக் காத்திருக்கிறது. உன் மகள் ராண்டிக்குப் போன மாதம் வாங்கிய பூட்ஸ் இப்போதே கடிக்கிறதாம். பதினான்கு வயதில் இந்தக் கால் என்றால் இன்னும் எங்கே போய் நிற்குமோ! கடையில் என்னைப் பாலாடைக்கட்டிப் பகுதியிலிருந்து கல்லாவுக்கு மாற்றிவிட்டார்கள். நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிறேன். கால் சும்மா இருக்கமாட்டேன் என்கிறது.

மாரத்தானுக்கு இன்னும் மூன்று வாரம்தான். உன் புதுக் காலணியை அங்கேயே போட்டு ஓடிப் பழக்கிவிடு. பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்து, ஓட்டத்தன்று முதல்முதலாகப் போட்டுக்கொண்டு, குதிகாலில் கொப்புளத்தோடு என்னைப் பார்த்து முழிக்காதே. ஹெலிகாப்டர் தளம் வழுக்குகிறது என்றாயே, மழை நாளில் தயவுசெய்து ஓடாதே. கஞ்சியையும் விடாமல் சாப்பிடு.

சரி, எத்தனை நேரம்தான் கூரையையும் கஞ்சியையும் சுற்றிக்கொண்டிருப்பது? விஷயத்துக்கு வருகிறேன்.

நீ எனக்கு முதல் காலணி வாங்கிக் கொடுத்த நாள் ஞாபகமிருக்கிறதா? “நான் அங்க ஆறு மணிக்கு ஓட ஆரம்பிப்பேன். நீ இங்க அதே ஆறு மணிக்கு ஆரம்பி. அரை மணி நேரம். நடுவுல கடல் இருந்தா என்ன, சேர்ந்துதானே ஓடுறோம்” என்றாய். உன்னைப்போல ஒரு பைத்தியக்காரனைக் கட்டிக்கொண்டதற்கு அன்றைக்கு எனக்கு அவ்வளவு பெருமை. அந்த நாளிலிருந்து ஆறு மணிக்கு வாசல் தாண்டாமல் இருந்ததே இல்லை. ஆனால் அரை மணி முடிந்ததும் நான் நிற்கவில்லை, ஆர்வித். நீ தளத்தை விட்டு இறங்கி சாப்பாட்டுக்குப் போயிருப்பாய் என்று தெரிந்தும் ஓடிக்கொண்டே இருந்தேன். முதலில் பால்பண்ணை வரை. பிறகு தேவாலயம் வரை. இந்தக் கோடையில் அணைக்கட்டு வரை போய் ஏரியைச் சுற்றி வருகிறேன். உனக்கு எழுதும்போது மட்டும் “பால்பண்ணை வரை போனேன், மூச்சு வாங்கியது” என்று எழுதினேன். வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்துக்கு பக்கத்து வீட்டு குன்வோர் சைக்கிளில் கூட வருகிறாள், கூடையில் அவுரிநெல்லிக் கஞ்சியை பிளாஸ்க்கில் சுமந்துகொண்டு. இன்றைக்கு அணைக்கட்டு மேட்டில் அவள் இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். “அடியே, சைக்கிள்காரி நானு, நான் உன் பின்னால வர்றேன்! இந்தக் கூத்த ஆர்வித் பார்க்கணும்டி” என்று கத்தினாள். சிரிக்கத்தான் சொன்னாள். நான் திரும்பிப் பார்க்காமல் மேட்டை ஏறி முடித்தேன்.

மே மாதத்து ஓட்டத்தைப் பற்றி நாம் இரண்டு பேரும் இதுவரை வாய் திறக்கவில்லை. மூன்று வருஷமாக நீ துரத்துகிற வெள்ளிப் பதக்கம் அன்றைக்கு உன் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அந்தப் பதக்கத்துக்குக் குறித்த நேரத்துக்குள் வந்துவிடுவாய் என்று மர ஆலைத் திருப்பத்திலேயே தெரிந்துவிட்டது. எனக்கு இன்னொன்றும் தெரிந்தது, அதே வேகத்தில் போனால் நான் உன்னைத் தாண்டிவிடுவேன் என்பது. உன் முதுகு அவ்வளவு பக்கத்தில் இருந்தது. உன் சட்டையில் காய்ந்த உப்புக் கோடு தெரிந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, ஓரமாக ஒதுங்கிக் குனிந்துவிட்டேன், காலணிக் கயிறு அவிழ்ந்தவள்போல.

நீ போயிருக்க வேண்டும். எவனாக இருந்தாலும் போயிருப்பான். நீ திரும்பி வந்தாய், என் முன்னால் முழங்காலிட்டாய்.

அன்று காலையில் அந்தக் கயிற்றைக் கட்டியதே நீதான். கப்பல் கயிறு கட்டிய கை. உன் முடிச்சு எதுவும் தானாக அவிழ்ந்து நான் பார்த்ததில்லை, அன்றைக்கும் அது அப்படியே இருந்தது. நீ அதைப் பார்த்தாய். ஒரு கணம் கை நின்றது. பிறகு நீயே அதை அவிழ்த்து, மறுபடி கட்டினாய். “ம், போலாம்” என்று மட்டும் சொன்னாய்.

உன் பதக்கம் அந்த நேரத்தில்தான் போயிற்று. ஓட்டம் முடிந்து வாஃபிள் அப்பம் தின்ற மேசையில் எல்லாரிடமும், “பொண்டாட்டிய வழியில விட்டுட்டு வந்து எனக்கு எதுக்குய்யா பதக்கம்?” என்று சிரித்தாய். உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு உன் கையில் இருந்ததைப் பிடுங்கிவிட்டேன். அதைவிட, உன்னையும் நடிக்க வைத்துவிட்டேன். நினைக்கும்போதெல்லாம் வெட்கமாக இருக்கிறது.

இந்த மாரத்தானிலும் கைகோத்து முடிப்போம் என்று சொல்லியிருக்கிறாய். நானும் தலையாட்டினேன். ஆனால் போன செவ்வாய்க்கிழமை பயிற்சியாளர் ஐவின் என்னைப் பிடித்துக்கொண்டார். “இதப் பாரு ஹெர்டிஸ், நீ முன் வரிசையில நிக்க வேண்டியவ. பின்னாடி நின்னு யாருக்கு இடம் பிடிக்கிற?” என்றார். உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றுதான் வாயைத் திறந்தேன். வந்தது “சரி” என்று. உன்னைக் கேட்காமலே என் பெயர் வேகமாக ஓடுகிறவர்களின் முன் வரிசைக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

மாற்றச் சொல்லிவிடலாம் என்றுதான் வியாழக்கிழமை கிளம்பினேன். ராண்டி வாசலில் பூட்ஸோடு போராடிக்கொண்டிருந்தாள். அவளும் பள்ளியில் ஓட்டத்தில் சேர்ந்திருக்கிறாள், உனக்குத் தெரியும். சட்டென்று, “ஏம்மா, அப்பா பக்கத்துல ஓடும்போது மட்டும் உனக்கு மூச்சு வாங்குது?” என்று கேட்டாள். நான் ஏதோ உளறினேன். அவள் விடவில்லை. “அப்ப எங்க கிளாஸ் பையனுங்களோட ஓடும்போது நானும் மெதுவாத்தான் ஓடணுமா?” என்றாள். கிண்டலாகக் கேட்டிருந்தால் இரண்டு வார்த்தை திட்டியிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் ஐவினைப் பார்க்கப் போகாமல், போட்டிருந்த கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு உருளைக்கிழங்கு தோண்டப் போய்விட்டேன்.

ஆர்வித், நான் ஓட ஆசைப்படுகிறேன். என்னால் எவ்வளவு முடியுமோ அவ்வளவும். இதை எழுதக் கை கூசுகிறது, ஓடக் கற்றுக்கொடுத்தவனையே விட்டுவிட்டுப் போகிறேன் என்று எழுதுகிற மாதிரி இருக்கிறது. அப்படி இல்லை. இப்போதும் ஆறு மணிக்கு வாசலைத் தாண்டும்போது நீ அந்தத் தளத்தில் முதல் சுற்றை ஆரம்பிப்பதை நினைத்துக்கொண்டுதான் காலை வைக்கிறேன். உன் பதக்கத்தை இந்த முறை நீ வாங்க வேண்டும். நான் உன் பக்கத்தில் இருந்தால் வாங்கமாட்டாய். என்னை நீ அறிந்ததுபோல உன்னை நானும் அறிவேன்.

உனக்குக் கோபம் வந்தால் நியாயம்தான். பதில் எழுத வேண்டாம், வீட்டுக்கு வந்து முகத்தைப் பார்த்தே திட்டு. சூடாக மீன் சூப் வைத்துத் தந்து கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஓட்டத்தன்று காலையில், எவ்வளவு கோபம் இருந்தாலும், என் காலணிக் கயிற்றை வழக்கம்போல நீயே கட்டிவிடு. இறுக்கமாகக் கட்டு. இந்தத் தடவை நான் குனியமாட்டேன்.

கடல் உன்னைப் பத்திரமாக அனுப்பிவைக்கட்டும்.

உன்,
ஹெர்டிஸ்