காஸ்டிக் பட்ட இடது கை

அக்கா,

இன்று மதியம் பல்லடம் ரோட்டு ஹோட்டலில், வினிகர் ஊற்றிய வெங்காயத் தட்டை என் முன்னால் வைத்தார்கள். வாடை மூக்கில் ஏறியது. சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். வினிகரில் இருப்பதும் நம் சாய ஆலையில் கேன் கேனாகப் புழங்கும் அதே அசிட்டிக் ஆசிட்தான். உங்கள் தோல் வெந்த வாடையும் அதோடு சேர்ந்தே எனக்கு வரும்.

கெமிக்கல் ரூமில் நீங்கள் காஸ்டிக் சோடாக் காரத்தை எடை போடுவீர்கள். அடுத்த அறையில் என் லேப். சாயம் ஏறிய துணியில் காரம் மிச்சமிருக்கிறதா என்று நான் சோதனைத் தாளை நனைத்து நிறம் பார்ப்பதற்குள், நீங்கள் ஈரத்துணியை இரண்டு விரலால் தேய்த்து, "வழுவழுங்குது கண்ணு, இன்னும் கொஞ்சம் ஆசிட் உடச் சொல்லு" என்பீர்கள். ஒருநாள் பெருமையாக விளக்கினேன்: "அது துணியோட வழுவழுப்பு இல்லக்கா. காரம் உங்க விரல்ல இருக்குற கொழுப்பைச் சோப்பாக்குது." நீங்கள் விரலை முகர்ந்து, "கருமம்! இத்தன நாளா என்னையவே சோப்பாக்கித் தேச்சிருக்கறனா?" என்று முகம் சுளித்தீர்கள். இருவரும் சிரித்தோம். இப்போது அதை நினைத்தால் அருவருப்புத்தான் வருகிறது.

அன்று காஸ்டிக் கரைக்கும்போது பக்கெட் கொதித்துத் தெறித்து உங்கள் இடது கை முழங்கை வரை நனைந்தது. "தண்ணி ஊத்து கண்ணு, தண்ணி!" என்று கத்தினீர்கள். நான் கெமிஸ்ட்ரி படித்தவள் அல்லவா! காரத்தை முறிக்க அமிலம். இரண்டும் சேர்ந்தால் உப்பும் நீரும். துணிக்குத் தினமும் செய்வதுதானே. "சும்மா இருங்கக்கா, எனக்குத் தெரியும்" என்று ஆசிட் கேனை உங்கள் கையில் கவிழ்த்தேன். இரண்டும் சேரும்போது சூடும் கிளம்பும், கேனில் இருக்கும் ஆசிட்டே தோலைத் தின்னும் என்பதெல்லாம் நான் படித்த புத்தகத்திலேயே இருந்தது. உங்கள் அலறலில்தான் நினைவுக்கு வந்தது.

ஆஸ்பத்திரியில் மேனேஜர் கேட்டபோது, "நானேதானுங்க ஊத்திக்கிட்டேன், பதட்டத்துல தெரியலீங்க" என்றீர்கள். அவர் போன பிறகு என்னிடம், "உன்ற பொழப்பு எதுக்குக் கெடோணும்?" என்றீர்கள். நான் வாயே திறக்கவில்லை. விரல் மடங்காத கைக்கு வேலை இல்லை என்று உங்களை அனுப்பிவிட்டார்கள். எனக்குச் சேஃப்டி ஆபீசர் பதவி வந்தது. ஒவ்வொரு பாதுகாப்பு வகுப்பிலும், படிக்காத ஒரு அக்கா காஸ்டிக் பட்ட கையில் தானே ஆசிட் ஊற்றிக்கொண்டார் என்று உங்களைத்தான் உதாரணம் காட்டினேன். அதற்கு எச்சில் இலை பொறுக்கித் தின்றிருக்கலாம். த்தூ!

போன மாதம் காய்ச்சலில் நீங்கள் போய்விட்டீர்கள். சாவு வீட்டில் உங்கள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா எப்பவும் உங்களப் பத்தித்தானுங்க பேசுவாங்க" என்றாள். கேனைப் பிடித்த கை அது. எப்போது விடுவாள் என்றிருந்தது.

ஹோட்டலிலிருந்து நேரே வகுப்புக்குப் போனேன். புதிதாகச் சேர்ந்த பெண்கள். வழக்கமான கதையை ஆரம்பித்தேன். பாதியில் நாக்கு கூசியது. "அவங்க ஊத்திக்கல. நான்தான் ஊத்தினேன்" என்றேன். கதவோரம் நின்ற மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். நாளைக்கு என்ன கேட்பாரோ, கேட்கட்டும்.

ஒரு பெண் எழுந்தாள். "ஏனுங்க மேடம், பக்கத்துல தண்ணி இல்லீங்களா?"

இருந்தது அக்கா. இரண்டே எட்டில் குழாய். வெந்துகொண்டிருந்த கையால் நீங்கள் அதைத்தான் காட்டிக்கொண்டிருந்தீர்கள்.