உச்சி எழும்பியது

ஆடி 9, செவ்வாய்
காலையிலிருந்தே புழுக்கம். கிருத்திகைக்கு முன்னாலேயே தெருவெல்லாம் காவடி. ரேஷன் மண்ணெண்ணெய் தீர்ந்தது.

குழந்தை சண்முகத்துக்குப் பேதி நின்றது. ஜுரம் மட்டும் விடவில்லை. போன வாரம் உச்சிக்குழி பள்ளமாக இறங்கி, நாங்கள் பயந்த பயம்! நாத்தனார் விளக்கெண்ணெய் வைத்துக்கொண்டே இருந்தாள். இன்று தொட்டால் நிறைந்திருக்கிறது.

"பாத்தியா, உச்சி எழும்பிக்கினு வருது. முருகன் கண்ணத் தொறந்துட்டான்" என்றாள் நாத்தனார்.

பொங்கல் வைத்துப் படைத்தோம். நானும் தின்றேன்.

ஆடி 10, புதன்
பால் குடிக்கவில்லை. வாந்தி. தூக்கினால் வீரிடுகிறான். உச்சி இன்னும் மேடு. நாத்தனாருக்கு அதிலும் சந்தோஷம்.

வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு அரக்கோணம் டாக்டரிடம். குழந்தை அழுது ஓயும்வரை காத்திருந்தார். மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, உச்சியில் ஒரு விரல். அவ்வளவுதான்.

"அழாதப்பவும் மேடா நிக்குது. மண்டைக்குள்ள அழுத்தம் ஏறிப்போச்சும்மா. மூளைக்காய்ச்சல். இன்னிக்கே பட்டணம் கொண்டுபோங்க. முதுகுல ஊசி போட்டு நீர் எடுக்கணும்."

"பள்ளமா இருந்தாத்தானே கெடுதல்?" என்றேன்.

"ரெண்டும் கெடுதல்தான்."

நேற்று என் விரலும் அதே இடத்தில்தான் இருந்தது. பொங்கல் தின்றேன்!

வீட்டில் நாத்தனார்: "நேந்துகினு வளத்த முடி. ஆஸ்பத்திரியில செரைச்சுட்டா? கிருத்திகைக்கு மொட்ட போட்டுட்டுப் போங்க."

"முதுகுலதானே ஊசி" என்றேன். யார் காதில் விழுந்தது? வீட்டுக்காரர் வாயில் கொழுக்கட்டை.

ஆடி 12, வெள்ளி
கிருத்திகை. தூறல். முருகன் மலையில் மொட்டை. கத்தி பட்டும் குழந்தை அழவில்லை. கண்ணே திறக்கவில்லை. முடி போனதும் மேடு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. அதன் மேலேயே சந்தனம். வீட்டுக்காரர் அப்போதுதான் அழுதார். இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாரோ அந்த அழுகையை.

ரயிலில் கால் வைக்க இடமில்லை. நின்றுகொண்டே பட்டணம்.

ஆவணி 3, சனி
வீடு. வெயில். துணி துவைக்க வேண்டும்.

நீர் எடுத்தார்கள், நாள் தவறாமல் ஊசி மருந்து ஏற்றினார்கள். ஜுரம் இல்லை. உச்சி சமமாக, மெத்தென்று. தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

"நான் சொல்லல? மொட்ட போட்டதாலதான் பொழைச்சான்" என்கிறாள் நாத்தனார். பதில் சொன்னால் கையும் ஓங்குவேன்.

மதியம் அவள் கை தவறிப் பித்தளைத் தாம்பாளம் விழுந்தது. குழந்தைக்குப் பின்னாலேயே. சத்தத்தில் நான் துள்ளிவிட்டேன். அவன் திரும்பவே இல்லை; விரல் சப்பிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

தாம்பாளத்தை எடுத்து அவன் காதுக்குப் பின்னால் நானே இன்னொரு தரம் போட்டேன். அவன் சிரித்துக்கொண்டே இருந்தான்.