டீ ஆறுது

அன்புள்ள உங்களுக்கு,

நாம் சேர்ந்து வரைந்த எழுத்துருவில் 'ழ'வின் வால் நீளத்துக்காகச் சண்டை போட்டு, ஒரே வீட்டுக்குள் பேச்சை நிறுத்திய நாட்களில், எழுத்துருவைச் சோதிக்கும் தாளில்தானே பேசிக்கொள்வோம்? "சாப்பிட்டாச்சா?" என்று அச்சிட்டு உங்கள் மேசையில் வைப்பேன். "வால் நீளம்" என்று சிவப்புப் பென்சிலில் எழுதுவீர்கள். தட்டையும் காலி செய்திருப்பீர்கள். நீங்கள் வீட்டை விட்டுப் போன பிறகு அந்தத் தாளுக்கு வேலையில்லை.

இன்று வகுப்பில் ஒரு புது எழுத்துருவைச் சோதித்துக் காட்டினேன். கை தானாக "டீ ஆறுது, வாங்க" என்று தட்டிவிட்டது. திரையில் ஆளுயரத்துக்கு நின்றது.

"யாரைக் கூப்பிடுறீங்க, மேடம்?" என்றாள் ஒரு மாணவி. வகுப்பே சிரித்தது.

"'று'வோட வளைவைப் பாருங்கம்மா" என்று சமாளித்தேன்.

அந்த வரியைத் தாளில் அச்சிட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். வழக்கம்போல வளைவை மட்டும் திருத்தி அனுப்பிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
இன்னும் வாலை நறுக்காதவள்